மூன்றாம் தேதிப் புகார்கள்: எக்செலில் டேட்டா சுத்தம் செய்யப் போய் நான் பட்ட பாடு

மூன்று கிளைகளிலிருந்து வரும் வாடிக்கையாளர் புகார்ப் பட்டியலை ஒன்றாக்கி, சுத்தம் செய்து, எந்த மாதம் எவ்வளவு புகார், எந்த வகை அதிகம் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை இதுதான். முழு ஒரு வருடத்து டேட்டா. அதற்காக ஒரு மாதம் மாலை வேளைகளில் உட்கார்ந்து வீலுக்அப் (ஒரு பட்டியலில் தேடி எடுப்பது), சம்இஃப்ஸ் (நிபந்தனைக்கேற்பக் கூட்டுவது), பிவட் டேபிள் (தொகுத்துக் காட்டும் அட்டவணை) எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் சிரமமே இல்லை. பயிற்சிக்கென்று கொடுத்த ஷீட்டில் தேதி தேதியாக இருந்தது, எண் எண்ணாக இருந்தது. அலுவலக ஃபைல் அப்படி வரவில்லை.

முதல் அடி கிளைப் பெயரில் விழுந்தது. வீலுக்அப் போட்டால் பாதி வரிகளில் என்ஏ பிழை, அதாவது தேடியது கிடைக்கவில்லை. கண்ணுக்கு இரண்டு பெயரும் ஒரே மாதிரி. பின்னால் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று, அதை நீக்கும் ட்ரிம் போட்டேன், போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கும் க்ளீன் போட்டேன், அப்போதும் போகவில்லை. எழுத்துகளை எண்ணும் லென் போட்டுப் பார்த்தால் எட்டு எழுத்துப் பெயருக்கு ஒன்பது காட்டுகிறது. கடைசி எழுத்தை மட்டும் ரைட் கொண்டு பிரித்து, அதன் மேல், எழுத்துக்குரிய எண்ணைச் சொல்லும் கோட் போட்டதும் 160 என்று வந்தது. நாம் தட்டும் இடைவெளிக்கு எண் 32. வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்யும்போது ஒட்டிக்கொண்டு வருகிற, வரி உடையாத இடைவெளிக்கு 160. ட்ரிம் 32-ஐ மட்டும்தான் நீக்கும், க்ளீன் 0 முதல் 31 வரை உள்ளதை மட்டும்தான் நீக்கும். ஓர் எழுத்தை வேறொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட்டில் கேர் 160-ஐ (160-க்குரிய எழுத்தை)க் கொடுத்து, அதைச் சாதாரண இடைவெளியாக்கி, அதற்கு மேல் ட்ரிம் போட்டால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போயிற்று. ஆனாலும் இந்தப் பிழை மேல் எனக்குக் கோபம் இல்லை. இது தன்னைக் காட்டிக்கொண்டது.

காட்டிக்கொள்ளாத பிழைதான் என்னைக் கவிழ்த்தது.

தேதி நெடுவரிசையில் பாதி செல்கள் இடது பக்கமும் பாதி வலது பக்கமும் ஒட்டியிருந்தன. இடது பக்கம் இருப்பவை தேதி இல்லை, வெறும் எழுத்து என்பது தெரியும். 25/03/2024 மாதிரியானவை எல்லாம் அப்படித்தான் இருந்தன. லெஃப்ட், மிட், ரைட் கொண்டு பிரித்து, டேட் ஃபங்ஷனில் கொடுத்து அவற்றைத் தேதியாக்கினேன். வலது பக்கம் இருப்பவைதான் ஏற்கெனவே சரியாக இருக்கின்றனவே என்று தொடவில்லை. எல்லாவற்றையும் வேல்யூவாக, அதாவது ஃபார்முலா இல்லாத வெறும் மதிப்பாக ஒட்டிவிட்டு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நெடுவரிசையை நடுவுக்குத் தள்ளினேன். மூன்று கிளைகளின் வரிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி பிவட் போட்டேன். மொத்தம் சரியாக இருந்தது. பன்னிரண்டு மாதமும் நிரம்பியிருந்தன. ஒரு செல்லில்கூடப் பிழை இல்லை. அனுப்பிவிட்டேன்.

கூட்டத்தில் மேலாளர் நாள்வாரி வரைபடத்தைக் காட்டி, "ஒவ்வொரு மாசமும் மூணாம் தேதி என்னங்க நடக்குது?" என்று கேட்டார். ஜனவரி முதல் அக்டோபர் வரை 3ஆம் தேதியன்று புகார் எகிறி நின்றது. மாதத் தொடக்கத்தில் பில் போவதால் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது, எனக்கும்தான். இனி மாதாமாதம் 3ஆம் தேதி தொலைபேசியில் கூடுதலாக இரண்டு பேரை உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. நவம்பரிலும் டிசம்பரிலும் அந்த எகிறல் இல்லையே என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

இரண்டு நாள் கழித்து ஒரு கிளையிலிருந்து போன் வந்தது. "போன மார்ச் முதல் பத்து நாள் பில்லிங் சாஃப்ட்வேர் மாத்தினப்போ நாங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உங்க ரிப்போர்ட்ல மார்ச் மத்த மாசம் மாதிரியே இருக்கே?" என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். மார்ச் 1 என்பது 01/03. அதை மாதம் முதலில் வரும் அமெரிக்க முறையில் படித்தால் ஜனவரி 3. மார்ச் 2 என்பது பிப்ரவரி 3. இப்படியே போய் மார்ச் 10 என்பது அக்டோபர் 3 ஆகிறது. கை நடுங்கிவிட்டது.

நடந்தது இதுதான். கிளைகளிலிருந்து வந்த சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) நான் டபுள் க்ளிக் செய்து திறந்தேன். என் கணினியின் ரீஜன் செட்டிங் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தது. நாள் 12-க்கு மேல் இருக்கும் தேதிகளை எக்செலால் மாதமாகப் படிக்க முடியாது, அதனால் எழுத்தாகவே விட்டுவிட்டது. 12-க்குள் இருப்பவற்றை நாளையும் மாதத்தையும் இடம் மாற்றித் தேதியாக்கிவிட்டது. அதாவது, கெட்டது என்று நினைத்து நான் திருத்திய செல்கள்தான் நல்ல செல்கள். நல்லது என்று தொடாமல் விட்டவைதான் கெட்டவை. இதனால் எந்த வரியும் காணாமல் போகவில்லை, வேறு மாதத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். மொத்தத்தைச் சரிபார்த்தால் ஒருநாளும் பிடிபடாது.

நாள் 12-க்குள் இருக்கும் தேதிகளை மட்டும் திருப்பி மாற்றிவிட்டால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு கிளையின் பட்டியல் மட்டும் எக்செல் ஃபைலாகவே, உண்மையான தேதிகளோடு வந்திருந்தது. அதில் 12-க்குள் இருப்பவையும் சரியானவை. புகாரை எடுத்த கிளையும் அது சேர்ந்த கிளையும் வேறாக இருக்கலாம் என்பதால், கிளைப் பெயரை வைத்துப் பிரிக்க வழி இல்லை. எந்த வரி எந்த ஃபைலிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு நெடுவரிசை வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். நான் வைக்கவில்லை. தயவுசெய்து நீங்கள் வையுங்கள்.

சரி, மூல ஃபைலுக்கே போகலாம் என்றால், சிஎஸ்வியிலேயே சேவ் கொடுத்து அதையும் மாற்றி வைத்திருந்தேன். டேட்டா எடுத்துத் தரும் பிரிவில் கேட்டேன். "ஏற்கெனவே குடுத்தாச்சே" என்றார்கள். டிக்கெட் (கோரிக்கைப் பதிவு) போடச் சொன்னார்கள், போட்டேன். மூன்று நாள் கழித்து ஒரு ஃபைல் வந்தது. ஆவலோடு திறந்தால் அதே பாதி இடது, பாதி வலது. அனுப்பியவர் தன் கணினியில் திறந்து பார்த்து, எக்செல் ஃபைலாக சேவ் செய்து அனுப்பியிருக்கிறார். அவருக்கும் அதே ரீஜன் செட்டிங். மறுபடி டிக்கெட், மறுபடி மூன்று நாள். இரண்டாவது முறை, "எக்செலில் திறக்க வேண்டாம், சிஸ்டத்திலிருந்து இறங்கியதை அப்படியே ஜிப் செய்து அனுப்புங்கள்" என்று எழுதினேன். வந்ததை நோட்பேடில் திறந்தேன். 01/03/2024 என்று வெறும் எழுத்தாக அந்த வரி கண்ணில் பட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஃபைலை உடனே ரீட் ஒன்லி ஆக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தேன்.

இந்த முறை பவர் க்வெரி, எக்செலுக்குள்ளேயே டேட்டாவை எடுத்துச் சுத்தம் செய்யும் கருவி. எக்செல் 2016-லிருந்து டேட்டா டேபிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். இதில் மூல ஃபைலை யாரும் தொடுவதில்லை. நாம் செய்யும் ஒவ்வொன்றும் வலது பக்கம் ஒரு படியாகப் பதிவாகும், எந்தப் படியையும் க்ளிக் செய்து அப்போது டேட்டா எப்படி இருந்தது என்று பார்க்கலாம். ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை எல்லாம் சேர்த்து எடுக்கும் ஃப்ரம் ஃபோல்டர் வழியாகப் போனால் ஒவ்வொரு வரிக்கும் அது வந்த ஃபைலின் பெயரும் தானாகவே ஒரு நெடுவரிசையாகச் சேர்ந்துவிடும். நான் ஏங்கிய நெடுவரிசை.

ஆனால் இங்கேயும் அதே குழி காத்திருக்கிறது. ஃபைலை உள்ளே எடுத்ததும் சேஞ்ச்டு டைப் என்று ஒரு படியை அது தானாகவே போட்டுக்கொள்ளும். அதுவும் கணினியின் ரீஜனை வைத்துத்தான் தேதியைப் படிக்கும். முதல் வேலையாக அந்தப் படியை நீக்குங்கள். எல்லாம் எழுத்தாக ஆகட்டும். அப்புறம் தேதி நெடுவரிசையின் தலைப்பில் ரைட் க்ளிக், சேஞ்ச் டைப், பட்டியலின் அடியில் யூசிங் லோகேல். அதில் வகைக்கு டேட், லோகேலுக்கு இங்கிலீஷ் யுனைடெட் கிங்டம் கொடுத்தால் நாள் முதலில் என்று படிக்கும். ஆறு நாள் அலைச்சலுக்கு நான்கு க்ளிக்கில் தீர்வு.

டைப் மாற்றிய பிறகு பிழை எதுவும் இல்லை என்று மேலே பச்சைக் கோடு காட்டும். அதை அப்படியே நம்ப வேண்டாம். வழக்கமாக அது முதல் 1,000 வரிகளை மட்டும்தான் பார்க்கிறது. கீழே ஸ்டேட்டஸ் பாரில் அதை க்ளிக் செய்து முழு டேட்டாவையும் பார்க்கச் சொல்லலாம். எனக்கு 1,000-க்குக் கீழேதான் "நாளை சொல்கிறேன்" என்று யாரோ தேதிக்குரிய இடத்தில் தட்டி வைத்திருந்த வரி இருந்தது.

எழுத்தாக எடுத்ததில் இன்னொன்றும் வெளிவந்தது. ஒரு கிளையின் புகார் எண் 16 இலக்கம். கடைசி இலக்கம், அதே வாடிக்கையாளரின் எத்தனையாவது புகார் என்பதைக் குறிக்கும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். முதல் அறிக்கையில் நான் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் அழுத்தியபோது, ஒரே ஆளின் இரண்டாவது, மூன்றாவது புகார்கள் எல்லாம் இரட்டிப்பு என்று போய்விட்டிருக்கின்றன. திரும்பத் திரும்பப் புகார் சொன்னவர்கள்தானே அதிகம் பாதிக்கப்பட்டவர்கள்? அவர்கள் குரலைத்தான் நான் அழித்திருக்கிறேன். எழுத்தாக வைத்தாலும் ஒரு எச்சரிக்கை: பொருந்தும் செல்களை எண்ணும் கவுன்ட்இஃப் போட்டு இரட்டிப்பு தேடாதீர்கள். எண் போலத் தெரியும் எழுத்தை அது எண்ணாக்கித்தான் ஒப்பிடும், 15 இலக்கத்துக்கு அப்பால் வித்தியாசம் பார்க்காது. பவர் க்வெரியில், ஒரே மாதிரியானவற்றைச் சேர்க்கும் க்ரூப் பை போட்டு எண்ணுவதே பாதுகாப்பு.

எக்செல் தானாக மாற்றுவதால் அவதிப்பட்டது நாம் மட்டும் இல்லை. மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, மார்ச்1, செப்ட்1 என்ற ஜீன் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதற்காகவே அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றியது. அந்த விதிமுறை 2020-ல் வெளியானது. 2023-ல் எக்செல் ஆப்ஷன்ஸில் டேட்டா பகுதியில், முன்னால் வரும் பூஜ்யத்தை நீக்குவது, நீண்ட எண்ணைச் சுருக்குவது போன்றவற்றை நிறுத்தும் வசதி வந்தது. புதிய பதிப்பு இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். நாள், மாதம் இடம் மாறுவதற்கு மட்டும் அது மருந்து இல்லை.

பவர் க்வெரியில் மெர்ஜ் செய்யும்போதும், அதாவது இரண்டு பட்டியல்களைப் பொருத்தி இணைக்கும்போதும் கவனம் வேண்டும். கிளை விவரப் பட்டியலில் ஒரு கிளை இரண்டு முறை இருந்ததால், அந்தக் கிளையின் புகார்கள் எல்லாம் இரண்டிரண்டாகப் பெருகின. வீலுக்அப் முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும், மெர்ஜ் பொருந்துவதை எல்லாம் கொண்டுவரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் வீலுக்அப்புக்குக் கிடையாது, மெர்ஜுக்கு உண்டு. மெர்ஜுக்கு முன்னும் பின்னும் வரி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டால் போதும். பிழை வரும் இடத்தில் இஃப்எரர் போட்டு வெற்றிடம் காட்டும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். பிழை தெரியட்டும், அதற்குக் காரணம் தேடலாம்.

திருத்திய அறிக்கையை அனுப்பியபோது மார்ச் முதல் பத்து நாள் மலை போல் எழுந்து நின்றது. 3ஆம் தேதிகள் மற்ற நாட்களைப் போல ஆகிவிட்டன. மேலாளரிடம் நேரில் போய், எங்கே தவறினேன் என்று காகிதத்தில் எழுதியே காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அந்த ரெண்டு பேரை எடுத்துடலாமா?" எடுத்துவிடலாம் என்றேன்.

போன வாரம் புது ஃபைல் வந்தது. ஃபோல்டரில் போட்டு ரெஃப்ரெஷ் கொடுத்தேன். ஒரு நெடுவரிசையைக் காணோம் என்று உடனே பிழை வந்தது. யாரோ தலைப்பின் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். தலைப்புகளை ட்ரிம் செய்ய ஒரு படி சேர்த்தேன், ஓடியது. அதன் பிறகு நாள் 12-க்குள் வரும் ஐந்து வரிகளை எடுத்து, மூல ஃபைலை நோட்பேடில் திறந்து, விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஐந்தும் பொருந்தின. அனுப்பிவிட்டேன்.