டிவட்டில் தெரியும் மணிக்கட்டு

கோல்ஃப் பயிற்சி கொடுக்கத் தொடங்குவதற்கு முன் நான் கேடியாக இருந்தேன். சென்னையில் இந்தத் தொழிலுக்குப் பலர் வந்த வழி அதுதான். ஆட்டக்காரரின் பையைச் சுமப்பதோடு, பந்தை அடிக்கும் மட்டையான கிளப் பெயர்த்துப் போட்ட புல்தரையில் மணல் நிரப்புவதும் கேடியின் வேலை. அந்தப் பள்ளத்துக்கு டிவட் என்று பெயர். பந்து கிடந்த இடம் நமக்குத் தெரியும். பள்ளம் அந்த இடத்தைத் தாண்டி இலக்குப் பக்கமாக விழுந்திருந்தால், பந்தைத் தொடும்போது கைகள் கிளப்பின் தலைக்கு முன்னே இருந்திருக்கின்றன. பந்துக்கு இந்தப் பக்கமே மண் பெயர்ந்திருந்தால், கிளப்பின் தலை கைகளை முந்திவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இதை ஃப்ளிப் என்பார்கள். ஆள் அடிப்பதைப் பார்க்காமலே மணல் போடும்போது இதைப் படித்துவிட முடியும்.

மேலே போன கிளப் கீழே வரும்போது மடங்கிய மணிக்கட்டு விரிகிற கட்டம்தான் ரிலீஸ். வலதுகைக்காரருக்கு இடது மணிக்கட்டைப் பார்த்தால் போதும். கட்டைவிரல் பக்கம் மடங்கியிருந்தது சுண்டுவிரல் பக்கமாக இறங்கும். புறங்கைப் பக்கம் குழிவு இருந்தால் அது தட்டையாகும். கூடவே முன்கை உருண்டு, பந்தில் படும் பரப்பான கிளப்பின் முகத்தை நேராக்கும். உச்சியிலிருந்து பந்து வரை இத்தனைக்கும் கிடைப்பது ஏறத்தாழ கால் நொடி. கிளப் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பதோ அரை மில்லி நொடி. நொடிக்கு 240 படம் எடுக்கும் மொபைலிலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நான்கு மில்லி நொடி ஓடிவிடுகிறது. ஆகவே பந்து முகத்தில் ஒட்டியிருக்கும் கணம் பெரும்பாலும் வீடியோவில் சிக்குவதே இல்லை. அந்த நேரத்தில் கையைத் திருப்பு என்று கற்றுக்கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே தெரிகிற கோளாறு அதற்கு முன்பே உருவாகிவிட்டது.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். பணி ஓய்வு பெற்ற ஒருவர் இளவயதில் லீக் ஆட்டங்களில் லெக் சைடு ஃப்ளிக்குக்குப் பேர்போனவராம். அவருடைய வலது கை பந்தருகே வந்ததும் தானாகவே முந்தும். உடம்பு நின்றுவிடும், கிளப் மட்டும் போகும். பந்து சில நேரம் தரையோடு ஓடும், சில நேரம் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகும்.

"சார், ஃப்ளிக்கை விடுங்க. மிட்-ஆஃப் பக்கம் டிரைவ் ஆடுற மாதிரி டாப் ஹேண்ட் போகட்டும்" என்றேன்.

"அப்போ பந்து எப்படிப்பா மேல போகும்?"

"அதை கிளப் பாத்துக்கும் சார்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. தரையில் கிடக்கும் பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். நடுத்தரத் தூரத்துக்கு எடுக்கும் செவன் அயர்ன் என்ற கிளப்பின் முகம் செய்யும்போதே 30 டிகிரி அளவுக்குச் சாய்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கையால் இன்னும் சாய்த்தால் உயரம் கிடைக்கும், தூரம் குறைந்துவிடும்.

ஆனால் அவருடைய ஃப்ளிப்புக்கு அதைவிடப் பெரிய காரணம் உச்சியில் இருந்தது. அங்கே இடது மணிக்கட்டு நன்றாகக் குழிந்து, கிளப்பின் முகம் திறந்து, அதாவது வலப்பக்கம் பார்க்கும்படி திரும்பிக் கிடந்தது. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது. திறந்த முகத்தோடு உடம்பைச் சுழற்றினால் பந்து வலப்பக்கம் போகும் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. அதனால் அது நின்று, கடைசி நேரத்தில் வலது கையை வைத்து முகத்தை மூடப் பார்க்கிறது. ஃப்ளிப்பை மட்டும் தடுத்தால் காப்பாற்ற வந்த கையைத் தட்டிவிட்டதாகும், பந்து வலப்பக்கம் வளைந்து போகும் ஸ்லைஸ் இன்னும் மோசமாகும். முகத்தை முதலில் சரிசெய்ய வேண்டும்.

உச்சியில் எல்லாருக்கும் ஒரே மணிக்கட்டு வேண்டும் என்பதில்லை. அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் இடப்பக்கம் கடுமையாக வளையும் பந்தால் அவதிப்பட்டு, உச்சியில் இடது மணிக்கட்டைக் குழித்துக்கொண்டார். 1955-ல் லைஃப் பத்திரிகையில் அதை அவரே விளக்கினார். இந்தக் கால அமெரிக்க வீரர் டஸ்டின் ஜான்சனோ நேர் எதிராக, உள்ளங்கைப் பக்கம் நன்றாக வளைத்து வைப்பார். ஹோகன் 1953-ல், ஜான்சன் 2016-ல், இருவரும் யு.எஸ். ஓபனை வென்றது ஒரே ஓக்மாண்ட் மைதானத்தில்! பந்தைத் தொடும்போது இருவருடைய இடது மணிக்கட்டிலும் குழிவு இருக்காது. ஹோகன் கிளப்பைப் பிடிக்கும் விதமும் பழக்கமும் இல்லாதவர் அவருடைய குழிவை மட்டும் கடன் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

நம் ஊரில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. பயிற்சித் திடலான ரேஞ்சில் செயற்கைப் புல் விரிப்பு (மேட்) மேல் அடிக்கும்போது, பந்துக்குப் பின்னால் விழுந்த கிளப்பும் சறுக்கி வந்து பந்தை அடித்துவிடும். சத்தமும் நன்றாகவே கேட்கும். டிவட் இல்லாததால் தவறு தெரியாது. இடது கைக்கு மட்டும் தெரியும். பிடியின் நுனி சுண்டுவிரல் பக்க உள்ளங்கையில் மோதிக்கொண்டே இருக்கும். அங்கே கொக்கிபோல நீண்டிருக்கும் சிறிய எலும்பு முறிவது கோல்ஃபில் தெரிந்த காயம்தான். அந்த இடத்தில் வலி என்று யாராவது சொன்னால் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். இன்னொன்று வியர்வை. மே மாதத்தில் கிளப்பின் பிடி (கிரிப்) வழுக்க ஆரம்பித்ததும் எல்லாரும் இறுக்கிப் பிடிக்கிறார்கள், மணிக்கட்டு பூட்டிக்கொள்கிறது. அப்போது எந்த யோசனையும் பலிக்காது. துண்டும், தேயாத கிரிப்பும், மாற்றுவதற்கு இரண்டாவது கையுறையும்தான் மருந்து.

அந்த ஓய்வுபெற்றவருக்கு நான் செய்தது எளிமையானது. இடது கையை கிரிப்பில் சற்று வலப்பக்கம் திருப்பி, மேலிருந்து பார்த்தால் மூன்று விரல் முட்டிகள் தெரியும்படி வைத்தேன். வாட்ச் பட்டைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்கேலைச் செருகி, அதன் மறுமுனை புறங்கை மேல் இருக்கும்படி விட்டேன். மணிக்கட்டு குழிந்தால் ஸ்கேல் கையை அழுத்தும். இடுப்பு உயரம் வரை மட்டும் போய்வரும் அரை ஸ்விங்கில், பந்தில்லாமல்தான் பல நாள் போனது. அவருக்கு இது சலிப்பாக இருந்தது, எனக்கு இல்லை. முகம் நேராக வரும் என்று உடம்புக்கு நம்பிக்கை வந்த பிறகு, நின்றுகொண்டிருந்த இடுப்பு தானாகவே சுழல ஆரம்பித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அது.

வயதான இடுப்பு இளைஞர்களுக்குப் போல முழுக்கச் சுழலாது. அதனால் அவருக்கு முன்கை உருள்வதைக் கொஞ்சம் அதிகமாகவே விட்டுவைத்திருக்கிறேன். பந்து மெல்ல இடப்பக்கம் வளைந்து விழுகிறது, அது போதும். இப்போது பங்கர் என்ற மணல் குழியிலிருந்து அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். மணலில் முகத்தைத் திறந்து வைத்து, கிளப்பின் தலை கைகளை முந்திப் போக விட வேண்டும். அங்கே அவருடைய பழைய வலது கைக்கு வேலை இருக்கிறது.