ஃபார்ம் பேக்கிரவுண்டுக்கு கலர் வைக்கிறது

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை எடை போட்டு பில் அடிக்க ஒரு சின்ன சாஃப்ட்வேர் பண்ணிட்டு இருக்கேன், விஷுவல் ஸ்டுடியோல, விண்டோஸ் சாஃப்ட்வேருக்கு ஸ்கிரீன் பண்ற வின்ஃபார்ம்ஸ்லதான். ஃபார்மை, அதாவது அந்த ஸ்கிரீன் விண்டோவை, கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல பேக்கலர், அதாவது பின்னணி கலர், மாத்தினா போதும், உள்ள இருக்கிற லேபிள், மத்ததை உள்ள வைக்கிற கட்டமான பேனல், க்ரூப்பாக்ஸ் எல்லாம் தானா அதே கலருக்கு வந்துடும், அதுங்களுக்குன்னு தனியா கலர் வைக்காத வரைக்கும். டெக்ஸ்ட்பாக்ஸ் மட்டும் வெள்ளையாவே நிக்கும், அதுவும் நல்லதுதான், எங்க டைப் பண்ணணும்னு பளிச்சுன்னு தெரியும். பட்டனுக்கு கலர் வச்சா விண்டோஸ் தீம் லுக் போயிடும், நான் அதைத் தொடவே மாட்டேன்.

கலர் லிஸ்ட்ல கஸ்டம், வெப், சிஸ்டம்னு மூணு டேப் இருக்கு பாருங்க, சிஸ்டம்ல இருந்து எடுத்தா யூசரோட விண்டோஸ் செட்டிங்கை ஃபாலோ பண்ணும், பார்வை மங்கலா இருக்கிறவங்க ஹை கான்ட்ராஸ்ட் போட்டாலும் எழுத்து தெரியும், இது ரொம்ப முக்கியம்ங்க. ஆனா எடை ஸ்கிரீனும் பணம் குடுக்கிற ஸ்கிரீனும் பாத்தவுடனே வித்தியாசம் தெரியணும்ல, அதுக்கு மட்டும் மேல ஒரு பேனல் போட்டு சொந்த கலர் குடுத்திருக்கேன், அப்படி வச்சா ஃபோர்கலரையும், அதாவது எழுத்தோட கலரையும், சேர்த்து வச்சிடுங்க. மத்தியானமே மிஸ்ட் இறங்கி ரூம் இருட்டாகிற ஊர்ல வெளிர் கலர் மேல கறுப்பு எழுத்துதான் சரி. கலர் பிடிக்கலேன்னா பேக்கலர் மேல ரைட் கிளிக் பண்ணி ரீசெட் குடுங்க, பழையபடி ஆயிடும்.