ஜப்பான் ஏன் அமெரிக்காவைத் தாக்கியது: ஒரே விடையை இரண்டு முறை எழுதிய அனுபவம்

குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதத் தயாரானபோது, உலக வரலாற்றில் நான் மிகவும் நம்பியிருந்த பகுதி ஜப்பானின் பேரரசு விரிவாக்கம். 1931இல் மஞ்சூரியா, 1933இல் பன்னாட்டுச் சங்கத்திலிருந்து (லீக் ஆஃப் நேஷன்ஸ்) விலகல், 1937இல் சீனப் போர், 1940இல் ஜெர்மனி, இத்தாலியுடன் முத்தரப்பு ஒப்பந்தம், 1941இல் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான முத்துத் துறைமுகத்தின் (பேர்ல் ஹார்பர்) மீது தாக்குதல் என எல்லா ஆண்டுகளும் மனப்பாடமாக இருந்தன. மாதிரித் தேர்வில், இந்த விரிவாக்கம் ஜப்பானை அமெரிக்காவுடனான போருக்குள் எவ்வாறு இட்டுச்சென்றது என்ற 15 மதிப்பெண் வினா வந்தது. தெரிந்ததையெல்லாம் வரிசையாக எழுதி 5 மதிப்பெண் வாங்கினேன். திருத்தியவர் விடைத்தாளின் ஓரத்தில் "எவ்வாறு?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அன்றிரவு அந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வோர் இரண்டுக்கும் இடையில் "ஆகவே" என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தேன். பல இடங்களில் அது பொருந்தவில்லை. சீனாவில் நான்கு ஆண்டுகளாக முடிவு காணாமல் சிக்கியிருந்த ஒரு நாடு, தன்னைவிடப் பன்மடங்கு தொழில்வலிமை கொண்ட அமெரிக்காவை எதற்காக வலியச் சென்று தாக்க வேண்டும்? இந்த முடிச்சை அவிழ்க்காமல் எத்தனை ஆண்டுகளை அடுக்கினாலும் அது விடையாகாது.

முடிச்சு எண்ணெயில் இருந்தது. ஜப்பான் தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அமெரிக்காவிடமிருந்தே வாங்கியது. எஃகு ஆலைகளுக்கான பழைய இரும்பும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தது. பிறரை நம்பியிராத பேரரசு ஒன்றை அமைக்கத் தொடங்கிய போர், நாளுக்கு நாள் அந்தச் சார்பையே கூட்டியது. 1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானியப் படைகள் பிரெஞ்சு இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம் உள்ளிட்ட பகுதி) வடபகுதிக்குள் நுழைந்தன. அமெரிக்கா பழைய இரும்பு ஏற்றுமதியை நிறுத்தியது. 1941 ஜூலையில் தென்பகுதியும் கைக்கு வந்தபோது, அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்க, எண்ணெய் வரத்தும் நின்றுபோனது. பிரிட்டனும் நெதர்லாந்தும் அதே வழியைப் பின்பற்றின. கையிருப்பு இரண்டு ஆண்டுகளுக்குக்கூடத் தாங்காது என்ற நிலையில், அமெரிக்கா கேட்டபடி சீனாவிலிருந்து வெளியேறுவது அல்லது டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெய்க் கிணறுகளைப் பிடிப்பது என்ற இரண்டு வழிகளே தெரிந்தன. முதல் வழியை இராணுவம் ஏற்கவில்லை. பிரதமர் கோனோயே அக்டோபரில் பதவி விலக, இராணுவ அமைச்சராக இருந்த தோஜோ பிரதமரானார்.

இரண்டாவது வழியில் மலேயாவும் சிங்கப்பூரும் பிரிட்டனிடமும், பிலிப்பைன்ஸ் அமெரிக்காவிடமும் இருந்தன. தெற்கே செல்லும் படைகளை அமெரிக்கப் பசிபிக் கடற்படை பக்கவாட்டில் தாக்காதிருக்க, அதை ஹவாயிலேயே முடக்க வேண்டும் என்பதே திட்டம். மலேயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படைகள் கரையிறங்கத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகே முத்துத் துறைமுகத்தில் குண்டுகள் விழுந்தன. மலேயாவில் அன்று டிசம்பர் 8, ஹவாயில் டிசம்பர் 7. பசிபிக்கில் தேதி மாறும் நாட்கோட்டின் இந்தக் குழப்பத்தில் தேதியைத் தவறாக எழுதியவர்களுள் நானும் ஒருவன். மலேயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் பிறகு சயாம்–பர்மா ரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டதைப் பற்றி ஒரு பத்தி எழுத மனம் துடித்தது. வினா அதைக் கேட்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 1931 செப்டம்பர் 18 அன்று மஞ்சூரியாவின் முக்டென் நகருக்கு அருகே ரயில்பாதையில் குண்டுவைத்தவர்கள் டோக்கியோ அரசின் ஆணைப்படி செயல்பட்டவர்கள் அல்லர். மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானின் குவாண்டுங் படையின் அதிகாரிகள் தாங்களாகவே திட்டமிட்டனர். ஜப்பானின் அன்றைய மெய்ஜி அரசியலமைப்பில் படைகளின் தலைமை அமைச்சரவைக்குக் கட்டுப்படாமல் நேரடியாகப் பேரரசருக்குக் கீழே இருந்தது. "ஜப்பான் முடிவு செய்தது" என்று எழுதும்போதெல்லாம், எந்த ஜப்பான் என்று கேட்டுக்கொள்வது நல்லது. 1939இல் மங்கோலிய எல்லையில் சோவியத் படைகளிடம் பெற்ற தோல்வியையும் ஒரு வரியில் சேர்க்கலாம். வடக்கே செல்லும் எண்ணம் அங்கேதான் வலுவிழந்தது.

தேர்வறையில் மூன்று மணி நேரத்தில் 20 வினாக்கள்; ஒன்றுக்கு ஒன்பது நிமிடம். எனவே எண்ணெய்த் தடையில் தொடங்கி, பின்னோக்கிச் சென்று காரணம் சொல்லும் அமைப்பைப் பழகினேன். இந்தோசீனா, மலேயா, பிலிப்பைன்ஸ், டச்சுத் தீவுகள் ஆகியவற்றைக் காட்டும் சிறு வரைபடத்தை ஒரு நிமிடத்தில் போடவும் பயிற்சி செய்தேன். அது நான்கு வரிகளை மிச்சப்படுத்தியது.

திருத்தி எழுதிய விடைக்கு 8.5 கிடைத்தது. ஓரக்குறிப்பு இம்முறையும் இருந்தது: "1895 தைவான், 1910 கொரியா எங்கே?" 250 சொற்களுக்குள் அவற்றுக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கியிருக்கலாம்தான்.