வழி தவறினானா, அனுப்பி வைத்தார்களா? மாஸ் நதிக்கரை விமானம், 1940

ஜனவரி 10, சனி

1940இல் இதே தேதி, காலை பதினொன்றரை வாக்கில், பெல்ஜியத்தின் வுக்ட் கிராமத்து வயலில் ஒரு ஜெர்மன் விமானம் விழுந்தது. மெஸ்ஸர்ஷ்மிட் 108, நாலு பேர் உட்காரும் சிறிய விமானம். ஓட்டியவர் மேஜர் ஹோன்மன்ஸ், கூட வந்தவர் மேஜர் ரைன்பெர்கர். கைப்பையில் பெல்ஜியம், ஹாலந்து மீதான படையெடுப்புத் திட்டத்தின் தாள்கள். பெல்ஜியமோ அப்போது நடுநிலை நாடு. "மூடுபனியில் எல்லை தாண்டியது தெரியவில்லை" என்றார்கள். போர்க்காலத்தில் பிடிபட்ட யாரும் சொல்லக்கூடியதுதான் இது. அதுவும் இப்படிப்பட்ட தாள்களோடு வந்தால் நம்புவது யார்? ஏமாற்றுவதற்காக ஜெர்மனியே போலித் தாள்களைக் கொடுத்து அனுப்பியதோ என்ற சந்தேகம் எழுந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

முதலில் வரைபடம். புறப்பட்டது மியூன்ஸ்டர் அருகே, போக வேண்டியது கொலோன். நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ.; இந்த விமானத்துக்கு அரை மணிப் பயணம். விழுந்த இடமோ கிட்டத்தட்ட 170 கி.மீ. தள்ளி, கொலோனுக்கு நேர் மேற்கே. இரண்டு திசைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 28 பாகை. காற்று மட்டுமே இவ்வளவு தள்ள வேண்டுமென்றால் அது மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீச வேண்டும். அப்படி வீசினால் மூடுபனி எங்கே நிற்கும்? "காற்று தள்ளிவிட்டது" என்று மட்டும் சொல்லியிருந்தால் பொய்யை அங்கேயே பிடித்திருக்கலாம்.

ஹோன்மன்ஸ் சொன்னது வேறு. ரைன் நதியைப் பார்த்து இடம் கண்டுகொள்ளலாம் என்று தானே மேற்கே திருப்பினாராம். உறைந்து கிடந்த ரைனை அதற்குள் கடந்தாகிவிட்டது, கண்ணில் படவில்லை. அடுத்து வந்த நதி, பெல்ஜிய எல்லையில் ஓடும் மாஸ். தன் தப்பைத் தானே சொல்லும் இந்த விளக்கம்தான் கணக்கோடு ஒத்துப்போகிறது. வட்டமிடும்போது எரிபொருளை அடைக்கும் பிடியைத் தெரியாமல் நகர்த்தியிருக்கிறார் போலும், என்ஜின் நின்றுவிட்டது. இரண்டு பாப்லர் மரங்களுக்கு நடுவே ஓடி, இரண்டு இறக்கைகளும் முறிந்தன. போலித் தாளைக் கொடுத்தனுப்புகிறவர்கள் தூதனின் உயிரை இப்படிப் பணயம் வைப்பார்களா என்பது என் சந்தேகம்.

ஜனவரி 12, திங்கள்

எதிர்வாதமும் வலுவானதே. இத்தகைய ரகசியத் தாள்களை விமானத்தில் கொண்டுபோகவே தடை இருந்தது. அதை மீறியதற்குச் சொன்ன காரணம் அற்பமானது: ரயில் பயணத்தின் அலுப்புக்குப் பயந்த ரைன்பெர்கரிடம், முந்தின இரவு மது மேசையில் ஹோன்மன்ஸ் "நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்றார். அவருக்குக் கொலோனில் இருந்த மனைவியிடம் அழுக்குத் துணியைச் சேர்க்கவேண்டியிருந்தது. கட்டிவிடும் கதைகளில் காரணங்கள் கௌரவமாக இருக்கும். அழுக்குத் துணி வராது.

அடுத்து, எரிப்பு. பெல்ஜியம் என்று பண்ணையாள் ஒருவர் சொன்னதுமே ரைன்பெர்கர் புதர் மறைவுக்கு ஓடினார். லைட்டர் பற்றவில்லை; அந்த ஆளிடமே தீக்குச்சி வாங்கினார். காவலர் வந்து தீயை அணைத்தார்கள். பிறகு காவல் அறையில், ஹோன்மன்ஸ் கழிப்பறை கேட்டுக் கவனத்தைத் திருப்பிய நேரம், ரைன்பெர்கர் மேசைத் தாள்களை அள்ளிக் கணப்படுப்பில் திணித்தார். பெல்ஜிய அதிகாரி கேப்டன் ரோட்ரிக் கை சுட்டுக்கொண்டு வெளியே இழுத்தார். ஆனால் இதெல்லாம் பிறர் பார்க்க நடந்தது. பார்க்க நடப்பதை நடிக்கவும் முடியும். எனவே இதற்குப் பாதி மதிப்பெண்தான்.

ஜனவரி 14, புதன்

பெல்ஜியர்கள் செய்த சோதனை நேர்த்தி. முதலில் ரைன்பெர்கரிடமே "திட்டத்தில் என்ன இருந்தது? சொல்லாவிட்டால் உளவாளியாக நடத்துவோம்" என்று கேட்டார்கள். மிஞ்சிய துண்டுகளில் ஒன்றும் புரியவில்லை போல என்று அவரை எண்ணவைக்கும் கேள்வி. பின்பு, 12ஆம் தேதி, ஜெர்மன் தூதரக ராணுவ அதிகாரிகளை அவரோடு பேச விட்டு, அறையில் மைக்கை ஒளித்துவைத்தார்கள். தாள்கள் படிக்க முடியாத அளவுக்கு எரிந்துவிட்டன என்று அவர் தம் ஆட்களுக்கு உறுதி சொன்னார். போலித் தாளைக் கொடுக்க வந்தவர் "சேர்த்துவிட்டேன்" என்றல்லவா சொல்லியிருப்பார்? கேட்பவர் இருப்பது தெரியாமல் பேசிய இந்தப் பேச்சு, முந்தின எல்லாவற்றையும்விட எடை கூடியது.

ஜனவரி 16, வெள்ளி

படையெடுப்புக்கு ஹிட்லர் குறித்திருந்த நாள் 1940 ஜனவரி 17. அதை அவர் 16ஆம் தேதி தள்ளிவைத்தார். வானிலையும் ஒரு காரணம். படை வராததால் "தாள்கள் போலிதான்" என்ற பேச்சு மீண்டும் கிளம்பியது. பெர்லினில் நடந்ததோ வேறு: இரண்டாவது விமானப் படைத் தளபதி ஃபெல்மி பதவி இழந்தார், அந்த இடத்துக்குக் கெஸ்ஸெல்ரிங் வந்தார். திட்டமே மாற்றப்பட்டது. மே 10 அன்று முக்கியத் தாக்குதல் ஆர்டென் காடுகள் வழியாக வந்தது. ரைன்பெர்கரின் தாள்களில் அந்த வழி முதன்மையாக இல்லை.