மொழிப் பட்டியலில் தமிழ் விடுபடுவது ஏன்?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரே கணினியில் தமிழும் மலையாளமும் புழங்கும். அங்கே போகும் மென்பொருளின் மொழிப் பட்டியலை ஜாவா நிரல்மொழியின் ‘கெட் அவெய்லபிள் லோகேல்ஸ்’ என்ற கட்டளை கொண்டு நிரப்பாதீர்கள். ஜாவாவுக்குத் தெரிந்த நூற்றுக்கணக்கான லோகேல்களை, அதாவது மொழி-நாட்டு அமைப்புகளை, அது கொட்டிவிடும். உங்களிடம் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பார்க்காது.

கணினியில் பயனர் வைத்திருக்கும் மொழி வரிசையை எடுங்கள். கைவசமுள்ள மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிடுங்கள். இங்கேதான் சறுக்கும்: கணினி ‘டிஏ-ஐஎன்’ (தமிழ்-இந்தியா) என்கிறது, உங்கள் மொழிபெயர்ப்புக் கோப்பின் குறியீடு வெறும் ‘டிஏ’. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பொருந்தாது, திரை ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். நாட்டுக் குறியீட்டை வெட்டிவிட்டு மறுபடி தேடவேண்டும். மலையாளத்துக்குக் குறியீடு ‘எம்எல்’, ‘எம்ஏ’ அல்ல.

பெயரை அந்தந்த மொழியின் எழுத்திலேயே காட்டுங்கள். தேசியக் கொடிப் படம் வேண்டவே வேண்டாம், இரண்டுக்கும் ஒரே கொடிதானே! மலையாள எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்கள் தெரியும். எழுத்துருவையும் சேர்த்தே அனுப்புங்கள்.