கான்கிரீட்டுக்கு முன்னால் கடன் பத்திரம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று தன் கால்பந்து அரங்கத்தை விரிவாக்கப் போகிறது என்றால் செய்தியில் இரண்டே எண்கள் வரும்: எத்தனை கோடி டாலர், எத்தனை இருக்கை. அரங்க வேலையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது வேறு. அடுத்த சீசனில் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம் என்றைக்கு? கடனுக்குக் கையெழுத்துப் போடுவது யார்? தூண் எங்கே நிற்க வேண்டும், மேல்தளம் எவ்வளவு செங்குத்தாக ஏறலாம், கழிவறை எத்தனை என்பதெல்லாம் இந்த இரண்டு பதில்களுக்குப் பின்னால் வருபவை.

தேதியை முதலில் பார்ப்போம். தலைக்கவசம் போட்டு ஆடும் இந்த அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு ஏழெட்டு ஆட்டம்தான் சொந்த ஊரில். செப்டம்பரில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். மிச்சமுள்ள ஒன்பது மாதம் கட்டுமானத்துக்கு. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் கைல் ஃபீல்ட் அரங்கத்தை 48.5 கோடி டாலர் செலவில் புதுப்பித்தபோது, 2014 டிசம்பர் 21 அன்று மேற்குப் பக்கம் முழுவதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2015 செப்டம்பர் 12 அன்று அதே பக்கத்தில் மக்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். கொள்ளளவு இப்போது 1,02,733. இந்த வேகத்துக்குத் தனி விலை உண்டு. இரண்டு ஷிப்ட் கூலி, முன்கூட்டியே வாங்கி அடுக்கிய எஃகு, தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவரும் ப்ரீகாஸ்ட் படிகள் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். ஆட்டத்தைத் தள்ளிப்போட முடியாது. தொலைக்காட்சி ஒப்பந்தம் முதல் ஊரில் உள்ள ஓட்டல் முன்பதிவு வரை அந்த ஒரு சனிக்கிழமையோடு கட்டப்பட்டிருக்கிறது.

பெரிய கிரேன் பெரும்பாலும் ஆடுகளத்திலேயே நின்றுதான் வேலை செய்யும். வெளியே நின்றால் கை எட்டாது. புல்லை உரித்துவிட்டு, மரப்பலகைப் பாய் விரித்து, அதன்மேல் கிரேனை ஏற்றுவார்கள். அந்தப் பாயில் கஞ்சத்தனம் செய்தால் அடியில் இருக்கும் வடிகால் குழாய்கள் நசுங்கும். அது வெளியே தெரிவது புதுப் புல் பதித்து, செப்டம்பரில் முதல் மழை அடித்த பிறகுதான்.

இனி பணம். ஓர் உதாரணக் கணக்கு போடலாம். 20 கோடி டாலர் கடன், 5 சதவீத வட்டி, 30 ஆண்டு. தவணை ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர். மேல்தளத்தில் 10,000 பெஞ்ச் இருக்கை சேர்த்து, டிக்கெட் 40 டாலர் வீதம் ஏழு ஆட்டமும் நிரம்பினால் வருவது 28 லட்சம். வட்டிக்கே பற்றாது. அதே கட்டடத்தில் கண்ணாடித் தடுப்போடு 80 தனியறைகள் கட்டி ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு விட்டால் 48 லட்சம். பின்னால் சாப்பாட்டுக் கூடம் வைத்த 3,000 கிளப் சீட்டை ஆண்டுக்கு 3,000 டாலர் வீதம் விற்றால் 90 லட்சம். இரண்டும் சேர்ந்து 1.38 கோடி, கடன் அடைகிறது. ஆக, விரிவாக்கம் என்று பெயர் வைத்தாலும் கடனைச் சுமப்பது அந்த 80 தனியறைகளும் 3,000 கிளப் சீட்டும்தான். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2010இல் முடித்த 22.6 கோடி டாலர் வேலையின் நடுநாயகம் இந்தத் தனியறைகளும் கிளப் சீட்டுகளும்தான். நோட்ர டேம் பல்கலைக்கழகம் 2017இல் வேலை முடித்தபோது அரங்கக் கொள்ளளவு 80,795இலிருந்து 77,622ஆகக் குறைந்தே போனது. அரங்கம் பெரிதானது, கூட்டம் சிறிதானது.

பணம் வரும் வழிகளில் நன்கொடைதான் அதிகம் பேசப்படுவது, அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. பெரிய நன்கொடை ஒரே காசோலையாக வருவது அபூர்வம். ஐந்தாண்டு தவணையில் தருவதாக எழுத்தில் உறுதி கொடுப்பார்கள். ஒப்பந்தக்காரர் பில் மாதாமாதம் வரும். இடைவெளியை அடைக்கக் குறுகிய காலக் கடன் வேண்டும், அதன் வட்டியும் திட்டச் செலவில் ஏறும். கட்டி முடிக்கும் வரை வருமானம் இல்லாததால், அந்தக் காலத்து வட்டியையும் கடனுக்குள்ளேயே சேர்த்து வாங்குவது வழக்கம். அனுபவமுள்ள நிதி அதிகாரி வாக்குறுதித் தொகை மொத்தத்தையும் கணக்கில் எடுக்கமாட்டார். ஒரு பகுதி வராது என்றே வைத்துக்கொள்வார்.

அடுத்தது இருக்கை உரிமை. டிக்கெட் விலை வேறு, அந்த டிக்கெட்டை வாங்கும் உரிமைக்கான நன்கொடை வேறு. புதிய தந்திரம் அல்ல. மிச்சிகன் அரங்கத்தை 1927இல் எழுப்பிய ஃபீல்டிங் யோஸ்ட், தலா 500 டாலர் மதிப்பில் 3,000 பத்திரங்களை 3 சதவீத வட்டிக்கு வெளியிட்டார். வாங்கியவர்களுக்கு நல்ல இடத்தில் டிக்கெட் எடுக்கும் உரிமையும் கிடைத்தது. பிற்காலத்தில் வருமானவரிச் சட்டமும் கைகொடுத்தது: இப்படிக் கொடுக்கும் நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வரிவிலக்கு இருந்தது. 2017 இறுதியில் வந்த வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பல திட்டங்களின் வருமான மதிப்பீடுகளைத் திரும்பப் போட வேண்டியதானது.

மிச்சத்துக்குக் கடன் பத்திரம். அரசுப் பல்கலைக்கழகம் வெளியிடும் பத்திரத்தின் வட்டிக்குப் பொதுவாக வரி கிடையாது, அதனால் வட்டி விகிதம் குறைவு. ஆனால் கட்டடத்தில் தனியார் வணிகப் பயன்பாடு 10 சதவீதத்தைத் தாண்டி, அதற்கு ஈடாகத் தனியார் பணமும் அந்த அளவைத் தாண்டி வந்தால் சலுகை போய்விடும். கம்பெனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடும் தனியறை, பெயர் சூட்டும் உரிமை, ஒரே பான நிறுவனத்துக்குக் கொடுக்கும் விற்பனை உரிமை எல்லாம் இந்தக் கணக்கில் இடிக்கும். அதனால் ஒரே அரங்கத்துக்கு வரியுள்ள பத்திரம், வரியில்லாப் பத்திரம் என இரண்டு ரகமும் போடுவதுண்டு. எந்தத் தூண் எந்தப் பணத்தில் நிற்கிறது என்று வழக்கறிஞர்கள் தனி வரைபடமே வைத்திருப்பார்கள். மாணவர் கட்டணம் கடைசி வழி. கைல் ஃபீல்டுக்கு மாணவர்களிடமிருந்தும் ஒரு பங்கு போனது. ஆட்டமே பார்க்காத மாணவரும் கொடுக்கும் பணம் அது. இதை நான் ஒருபோதும் நல்ல யோசனையாகக் கருதியதில்லை.

இதெல்லாம் எப்படிச் சறுக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் பெர்க்லியை விடத் தெளிவான பாடம் இல்லை. அங்கே 1923இல் கட்டிய அரங்கத்தின் அடியிலேயே ஹேவர்டு நிலப்பிளவு ஓடுகிறது, ஒரு கோல்முனையிலிருந்து மறுமுனை வரை. புதுப்பித்தவர்கள் பிளவின்மேல் நின்ற இரண்டு பகுதிகளை அறுத்துத் தனித் தீவுகளாக்கினார்கள். தடித்த கான்கிரீட் பாய், அதன் கீழே வழுக்குவதற்கு பிளாஸ்டிக் விரிப்பும் மணலும். பூமி நகர்ந்தால் அந்தத் தீவு மட்டும் நகரும், பக்கத்துக் கட்டடத்தைக் கிழிக்காது. பொறியியல் அருமை. 32.1 கோடி டாலர் செலவில் 2012 செப்டம்பரில் திறந்தார்கள்.

பிசகியது நிதித் திட்டம். சுமார் 3,000 இருக்கைகளை 40, 50 ஆண்டு உரிமையாக 40,000 முதல் 2,25,000 டாலர் வரை விற்று, அந்தப் பணத்தை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் கடனை அடைப்பது என்பது திட்டம். தாளில் குறையே சொல்ல முடியாது. ஆனால் வாங்குபவர் மொத்தப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டியதில்லை. ஆண்டுத் தவணையாகக் கட்டலாம், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். அதாவது பல பத்தாண்டுக் கடனுக்கு எதிரே நின்றது ஆண்டுக்கு ஆண்டு மனம் மாறக்கூடிய வாடிக்கையாளர். 2008 பொருளாதாரச் சரிவு வந்தது, அணியும் தோற்றது, விற்பனை இலக்கை எட்டவில்லை. பக்கத்துப் பயிற்சி மையத்தையும் சேர்த்து 40 கோடி டாலரைத் தாண்டிய கடன். 2032 வரை பெரும்பாலும் வட்டி மட்டுமே கட்டும்படி அமைத்தது. பின்னர் நிலநடுக்கப் பாதுகாப்புக்கான பங்கை விளையாட்டுத் துறையின் தலையிலிருந்து இறக்கிப் பல்கலைக்கழக நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. கையெழுத்துப் போட்டது யார் என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது.

பழைய அரங்கத்தில் புதிதாக ஏற்றும்போது நிலம் தன் பங்குக்குப் பேசும். ஓஹையோ ஸ்டேட் அரங்கம் 1922இல் ஓலன்டாஞ்சி ஆற்றங்கரையில் எழுந்தது. 2001இல் முடிந்த புதுப்பிப்பில் ஓட்டப்பாதையை எடுத்துவிட்டுக் களத்தைச் சுமார் 14 அடி தாழ்த்தி, கீழே புதிய வரிசைகள் போட்டார்கள். களம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால், சுற்றிலும் நிலத்துக்குள் நீர்த்தடுப்புச் சுவர் இறக்க வேண்டியிருந்தது. பென் ஸ்டேட்டில் 1978இல் வேறு வழி: எஃகு அரங்கத்தைத் துண்டுகளாக்கி, ஹைட்ராலிக் ஜாக்கியால் தூக்கி, ஓட்டப்பாதை இருந்த இடத்தில் கீழ்வரிசைகளைச் சொருகினார்கள்.

பாரத்தில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் எடை ஒரு பிரச்சினையே அல்ல. பெஞ்ச் அரங்கத்துக்குச் சதுர அடிக்கு 100 பவுண்டு மக்கள் பாரம், அதோடு இருக்கை வரிசையின் ஒவ்வொரு அடிக்கும் பக்கவாட்டில் 24 பவுண்டு அசைவு விசை என்று விதி இருக்கிறது. கூட்டம் தாளத்தோடு குதிப்பதுதான் தலைவலி. வினாடிக்கு இரண்டு, மூன்று முறை குதிக்கும் வேகமும் மேல்தளத்தின் இயல்பான அதிர்வும் கிட்ட வந்தால் தளம் ஊஞ்சலாகும். விஸ்கான்சின் அரங்கத்தில் மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் ஒரு பாட்டுக்கு மாணவர்கள் குதிப்பது மரபு. 2003இல் கட்டுமானம் நடந்தபோது பாதுகாப்பு கருதி அதை நிறுத்தினார்கள். மாணவர்கள் எதிர்த்தார்கள், பொறியாளர்கள் கட்டமைப்பைச் சரிபார்த்துச் சொன்ன பிறகு பாட்டு திரும்பியது.

இருக்கை எண்ணிக்கையைத் தின்பவை சின்னச் சின்ன விதிகள். பெஞ்சில் ஆளுக்கு 18 அங்குலம் என்பது இன்றைய விதி. பழைய அரங்கங்களில் 16 அங்குலத்துக்கு எண் எழுதியிருப்பார்கள். 100 அடி வரிசையில் 75 பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது 66 பேர்தான். சக்கர நாற்காலி இடம் 5,000 இருக்கைக்கு 36, அதற்கு மேல் 200க்கு ஒன்று. ஒரு லட்சம் இருக்கை என்றால் 511, ஒவ்வொன்றுக்கும் துணையாள் இருக்கை. நாற்காலிக்கு ஆழம் 48 அங்குலம், சாதாரணப் படியின் ஆழமோ 30 அங்குலத்தை ஒட்டி. ஆக இரண்டு வரிசை போகும். முன்னால் எழுந்து நிற்பவர் தலைக்கு மேல் பார்வை போகவும் வேண்டும். மிச்சிகனில் இது வழக்காகி 2008இல் சமரசத்தில் முடிந்தது.

கழிவறையைக் கடைசியில் வரைபவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வார்கள். பல மாநிலங்கள் பின்பற்றும் விதிப்படி பெண்களுக்கு முதல் 1,520 பேர் வரை 40க்கு ஒன்று, பிறகு 60க்கு ஒன்று. ஆண்களுக்கு முதல் 1,500 வரை 75க்கு ஒன்று, பிறகு 120க்கு ஒன்று. 20,000 பேர் தளத்தில் பாதிக்குப் பாதி என்று வைத்தால் பெண்களுக்கு 180, ஆண்களுக்கு 91. இதற்கான குழாய், நடைபாதையின் அகலம், காற்றுப்போக்கி எல்லாம் படிவரிசையின் அடியில்தான் அடங்க வேண்டும். வடமாநிலங்களில் இன்னொரு சிக்கல்: சீசன் முடிந்ததும் உறையாமலிருக்கக் குழாய்த் தண்ணீரை வடித்துவிடுவது வழக்கம். 2024 முதல் தேசியச் சாம்பியன் போட்டியின் முதல் சுற்று டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பல்கலைக்கழக மைதானங்களிலேயே நடக்கிறது. அதற்காகக் குளிர் தாங்கும்படி குழாய்களை மாற்றும் வேலை பென் ஸ்டேட்டின் 70 கோடி டாலர் திட்டத்தில் முதல் கட்டத்திலேயே வந்துவிட்டது.

இப்போது வரவு செலவில் புதிய செலவு ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, 2025-26 ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம். மேலே போட்ட உதாரணத் தவணையை விட அது அதிகம், கடனும் அதுவும் ஒரே கல்லாவிலிருந்து போக வேண்டும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 47,000 பேர் கொள்ளும் பழைய அரங்கத்தை இடித்து 35,000 இருக்கையோடு புதியதைக் கட்டும் முடிவை அதற்கு முன்பே எடுத்துவிட்டது. பெரிய பங்கு ஒரு குடும்பத்தின் நன்கொடை. எவன்ஸ்டன் நகர மன்றத்தில் பெரிய சண்டை நடந்தது அரங்கத்தைப் பற்றி அல்ல, அங்கே ஆண்டுக்கு ஆறு இசை நிகழ்ச்சி நடத்தலாமா என்பதைப் பற்றி. வாக்கு சமமாகி, மேயர் வாக்கால் அனுமதி கிடைத்தது. ஏழு சனிக்கிழமை வருமானத்தை மட்டும் நம்பி இனி யாரும் அரங்கம் வரையப்போவதில்லை. அதனால் மேடைச் சுமை தாங்கும் களமும், லாரி நுழையும் உயரத்தில் வாசலும், அண்டை வீட்டுக்காரர்களுக்கான ஒலி அளவுக் கணக்கும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.