உருளைக்கிழங்கை வெட்டிச் சம உயரக் கோடு கற்பிப்பது

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு சம உயரக் கோடு என்று வரையறையை எழுதிப்போட்டால் ஒன்பதாம் வகுப்பு அதை ஒப்பிக்கும். நிலத்தின் மேடுபள்ளங்களைச் சம உயரக் கோடுகளால் காட்டும் வரைபடமான டோப்போஷீட்டை விரித்து, "இங்கே ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கோட்டைத் தங்கள் கையால் உண்டாக்கிய பிறகே பிள்ளைகள் ஷீட்டைப் பார்க்க வேண்டும்.

ஐந்து பேருக்கு ஒரு பெரிய உருளைக்கிழங்கு போதும். மேடுபள்ளம் உள்ளதாகப் பொறுக்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் வையுங்கள். உச்சியிலிருந்து ஒரு பக்கமாக அடிவரை கத்தியால் ஒரு பள்ளம் கீறிவிடுங்கள். அதுதான் ஓடை. இதை விட்டுவிட்டால் பாடத்தில் பாதி போய்விடும்.

அடுத்து, ஒரே தடிமனுள்ள நோட்டுகள் நாலைந்து வேண்டும். ஒரு நோட்டின் மேல் பேனாவைப் படுக்கவைத்து, முனை கிழங்கைத் தொடும்படி பிடித்துக்கொண்டு கிழங்கைச் சுற்றினால் ஒரு கோடு விழும். இன்னொரு நோட்டை அடுக்கினால் அடுத்த கோடு. கோட்டு இடைவெளி என்பது அந்த நோட்டின் தடிமன்தான். தனியாக விளக்கத் தேவையில்லை.

வெட்டுவதற்கு முன் உச்சிக்கு அருகே, ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி, இரண்டு சைக்கிள் கம்பிகளை நேராக அடிவரை குத்தி உருவிவிடுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். ஒரு துளை உச்சித் துண்டுக்கு வெளியே போய்விட்டால் அந்தத் துண்டு எப்படி வேண்டுமானாலும் திரும்பும், படத்தில் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டும். கம்பி சாய்ந்தாலும் மலையே ஒரு பக்கம் சரிந்துவிடும்.

பிறகு கிழங்கைக் கோடுகள் வழியே கிடையாக வெட்டி, துண்டுகளைத் துணியால் துடைத்து, அடித்துண்டை முதலில் சார்ட்டில் வைத்து ஓரம் வரைந்து, துளைகள் வழியாக இரண்டு புள்ளி குத்த வேண்டும். மற்ற துண்டுகளை வரிசையாக அந்தப் புள்ளிகள் மேலேயே வைத்து வரையலாம். அடிக்கோட்டுக்கு 200, அடுத்ததற்கு 220 என்று எண் போடட்டும். கீறிய பள்ளம் ஒவ்வொரு கோட்டிலும் கூர்முனையாக விழுந்திருக்கும், முனை உச்சியைப் பார்க்கும். தண்ணீர் அதற்கு எதிர்த்திசையில் இறங்கும். கிழங்கையும் சார்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இது மறக்காது. மலைமுனை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கோடு கீழ்நோக்கி வளைவதையும் அப்போதே காட்டிவிடுங்கள். இவை இரண்டையும் குழப்புவதே தேர்வில் அதிகம்.

இதன்பிறகு ஷீட். 1:50,000 அளவையில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. 20 மீட்டர் உயர இடைவெளிக் கோடுகள் இரண்டு ஷீட்டில் 4 மி.மீ. தள்ளி இருந்தால் தரையில் 200 மீட்டர், சரிவு 10-க்கு 1. குறுக்குவெட்டு, அதாவது மலையை நெட்டாக வெட்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் வடிவம், வரையும்போது செங்குத்தில் 1 செ.மீ. = 100 மீட்டர் என்று எடுத்தால் உயரம் 5 மடங்கு மிகைப்படும். அதைப் படத்தின் அடியில் எழுதச் சொல்லுங்கள். புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைக்க விடாதீர்கள். கடைசிக் கோடு 480 என்றால் உச்சியும் 480 என்று தட்டையாக வெட்டிவிடுவார்கள். அது 480-க்கும் 500-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது, லேசாக வளைத்து முடிக்க வேண்டும்.

ஜெராக்ஸில் கவனம் வேண்டும். ஏ4-ஐ ஏ3-ஆகப் பெரிதாக்கினால் 1 கி.மீ. சுமார் 2.8 செ.மீ. ஆகிவிடும். 1:50,000 என்ற எழுத்து மட்டும் அப்படியே நிற்கும், கணக்கெல்லாம் பிழையாகும். கி.மீ. பிரிவுகள் குறித்த கோட்டு அளவையும் சேர்ந்தே பெரிதாவதால் அதை வைத்தே அளக்கப் பழக்குங்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியில் பழுப்புக் கோடும் நீல ஓடையும் ஒன்றாகிவிடும் என்பதால் முதல் வேலையாக ஓடைகளுக்கு நீலம் தீட்டச் செய்வது நல்லது.

டெல்டாப் பள்ளிகளுக்கு ஒன்று: நாகப்பட்டினம் பக்கம் நிலம் 20 மீட்டருக்கும் கீழே, கோட்டைத் தேடினால் கிடைக்காது. ஐந்து மீட்டர் ஏரிக்கரையும் கோடாக வராது, குறியீடாகத்தான் இருக்கும். அங்கே பயிற்சிக்குச் சேர்வராயன் மலைப் பக்கத்து ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.